நீர்ப்பைத் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்? ஐந்து நாள் மாத்திரை, ஒரு வேளைப் பொட்டலம், சிப்ரோ, செஃபிக்சைம்: ஓர் ஒப்பீடு

சிறுநீர் போகும்போது எரிச்சல், அரை மணிக்கு ஒரு தரம் போகத் தோன்றுவது, போனால் நாலு சொட்டு மட்டும் வருவது, அடிவயிற்றில் கடுப்பு, சில சமயம் கலங்கலாகவோ லேசாக ரத்தம் கலந்தோ வருவது. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது அனுபவிக்கும் நீர்ப்பைத் தொற்று இப்படித்தான் தொடங்கும். பெரும்பாலும் காரணம், குடலில் குடியிருக்கும் இ.கோலை என்ற பாக்டீரியா. ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம். வாய்வழி மருந்திலேயே சரியாகிவிடும்.

எந்த மருந்து என்பதில்தான் சிக்கல். மெடிக்கல் ஷாப்பில் "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று சொன்னதும் கைக்கு வருவது பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், செஃபிக்சைம் ஆகிய மூன்றில் ஒன்று. அதுவும் சீட்டு இல்லாமல், இரண்டு நாளைக்கு அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தது. நீர்ப்பைத் தொற்றுக்கு இந்த மூன்றுமே முதல் தேர்வு இல்லை. முதலில் எடுக்க வேண்டியது நைட்ரோஃபுரான்டோயின். அது ஒத்துவராதவர்களுக்கு ஃபாஸ்ஃபோமைசின். மற்றவை கல்ச்சர் ரிப்போர்ட் (சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் பரிசோதனை) கையில் இருக்கும்போது மட்டும். ஏன் இந்த வரிசை, ஒவ்வொன்றிலும் எங்கே தவறு நேர்கிறது என்பதைக் கீழே பார்க்கலாம். இவை எல்லாமே சீட்டில் எழுதி வாங்க வேண்டிய மருந்துகள். மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்த ஒப்பீடு. கடையில் நேரே கேட்டு வாங்குவதற்கு அல்ல.

இங்கே சொல்லும் வரிசை, கர்ப்பமாக இல்லாத, சிறுநீரகக் கோளாறு இல்லாத பெண்ணுக்கு. மற்றவர்களுக்குக் கணக்கு மாறும்; அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

தொற்றுதானா, எங்கே இருக்கிறது?

சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் போதாமல் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும்போதும் எரியும். தண்ணீரோ மோரோ பார்லித் தண்ணியோ நன்றாகக் குடித்து, இரண்டு மூன்று முறை தெளிவாகப் போனதும் அந்த எரிச்சல் அடங்கிவிடும். தொற்று அப்படி அடங்காது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அவசரமும் அடிவயிற்றுக் கடுப்பும் விடாது.

எரிச்சலோடு பிறப்புறுப்பில் அரிப்பும், தயிர் திரிந்தது போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் அது நீர்ப்பைத் தொற்றாக இருக்கும் வாய்ப்பு குறைவு. பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. பூஞ்சைக்கு அதுவே தீனி. இதை யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்து ஆன்டிபயாடிக் எடுத்தால் அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாகும், பூஞ்சை இன்னும் கொழுக்கும்.

இன்னொரு பக்கம், எந்தத் தொந்தரவும் இல்லாமல் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் "பஸ் செல் 8–10" என்று வந்ததற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது. தொந்தரவு இல்லாத போது சிறுநீரில் சீழ்ச்செல்லோ பாக்டீரியாவோ இருப்பதற்கு வைத்தியம் தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய அறுவைச் செயல்முறைக்குத் தயாராகிறவர்களும்தான் முக்கிய விதிவிலக்குகள். வயதானவர்களிடம் இப்படிச் சும்மா இருக்கும் பாக்டீரியா சாதாரணம். அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டே போனால் மிஞ்சுவது எதிர்ப்புச் சக்தி பெற்ற பாக்டீரியா மட்டும்தான்.

தொற்று இருக்கிறது என்று முடிவானால் அடுத்த கேள்வி: நீர்ப்பையோடு நிற்கிறதா, சிறுநீரகம் வரை ஏறிவிட்டதா? குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்க வலி, வாந்தி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இது வேறு நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துத் தேர்வில் முதல் கிளை பிரிவது இங்கேதான். நைட்ரோஃபுரான்டோயினும் ஒரு வேளை ஃபாஸ்ஃபோமைசினும் சிறுநீரில் அபார அளவுக்குச் சேரும். ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு நிற்காது. நீர்ப்பைக்கு அவை அருமையான மருந்து. காய்ச்சலோடு வந்த சிறுநீரகத் தொற்றுக்கு அவற்றைக் கொடுத்தால் எரிச்சல் குறைந்து, சரியாகிறது என்ற எண்ணம் வரும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும்.

நைட்ரோஃபுரான்டோயின்: ஐந்து நாள்

1953 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து. எழுபது ஆண்டுகள் ஆகியும் இ.கோலையில் பெரும்பங்கு இன்னும் இதற்குக் கட்டுப்படுகிறது. பாக்டீரியாவின் நொதிகளே இந்த மருந்தைச் சிதைத்து வீரியமுள்ள துண்டுகளாக மாற்றுகின்றன. அந்தத் துண்டுகள் டி.என்.ஏ., ரைபோசோம் என்று ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குகின்றன. ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் பாக்டீரியா தப்பித்துவிட முடியாது. மேல்குடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுவதால் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களையும் அதிகம் கலைப்பதில்லை. அடுத்த முறை தொற்று வந்தால் அது அந்தக் குடல் பாக்டீரியாவிலிருந்துதான் வரப்போகிறது. ஆகவே இது சின்ன விஷயமில்லை.

அளவு: நீடித்து வெளியாகும் வகை 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள், மொத்தம் 10. அட்டையை ஒரு முறை படித்துவிடுங்கள். பெயருக்குப் பின்னால் "எஸ்.ஆர்." போன்று நீடித்து வெளியாவதைக் குறிக்கும் எழுத்து இருந்தால்தான் 12 மணிக்கு ஒரு தரம் என்பது பொருந்தும். அந்த எழுத்து இல்லாத சாதா வகையும் அதே 100 மி.கி. அளவில் விற்கிறது, அது 6 மணிக்கு ஒரு தரம் எடுக்க வேண்டியது. சீட்டில் ஒன்று எழுதி, கடையில் மற்றொன்றைக் கொடுத்தால், ஒரு நாளின் பாதி நேரம் நீர்ப்பையில் மருந்து இல்லாமல் போகும். நீடித்து வெளியாகும் வகையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது.

வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும். பலர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவது இதனால்தான். சாப்பாட்டுக்கு நடுவிலோ முடித்த உடனேயோ எடுத்தால் குமட்டல் குறையும். உணவோடு போகும்போது மருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படும். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். மருந்தின் நிறம்தான் அது, பயப்பட வேண்டாம்.

நம் ஊரில் இந்த மருந்து தோற்கும் ஒரு விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு எழுதும் சீட்டில் ஆன்டிபயாடிக்குக்குப் பக்கத்தில் ஒரு சிரப் இருக்கும்: டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட், தண்ணீரில் கலந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் குடிப்பது. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலைத் தணிப்பதற்காகக் கொடுக்கப்படுவது. ஆனால் நைட்ரோஃபுரான்டோயின் நன்றாக வேலை செய்வது அமிலச் சிறுநீரில்தான். சிறுநீரைக் காரமாக்கினால் அதன் வீரியம் குறையும். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் சிரப்பை விட்டுவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எரிச்சல் தாங்கவில்லையென்றால் முதல் ஒன்றிரண்டு நாளுக்குப் பாராசிட்டமால் போதும். மக்னீசியம் ட்ரைசிலிகேட் உள்ள ஆன்டாசிட்டும் இந்த மருந்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும்.

யார் எடுக்கக் கூடாது? சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று போட்டிருக்கும் எண், 45-க்கு மேல் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. 30 முதல் 44 வரை இருந்தால், வேறு வழியில்லாதபோது மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் மட்டும் கொடுப்பதுண்டு. 30-க்குக் கீழே போனால் வேண்டாம். மருந்து சிறுநீருக்குள் போதிய அளவு வராது, ரத்தத்தில் தேங்கி நரம்புகளைப் பாதிக்கும். ஜி6பி.டி. என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியில் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த அணுக்கள் உடையும். மருந்து தொடங்கிய சில நாளில் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அது நுரையீரல் ஒவ்வாமையாக இருக்கலாம்; அரிதுதான், ஆனால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: புரோட்டியஸ் வகை பாக்டீரியாவும் சூடோமோனாஸும் இதற்கு இயல்பிலேயே கட்டுப்படாதவை. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் புரோட்டியஸாக இருக்கிறதா என்று கல்ச்சரில் பார்க்காமல் இதைத் தொடங்குவதில் பயனில்லை.

ஃபாஸ்ஃபோமைசின்: ஒரே வேளை

3 கிராம் பொட்டலம். ஒரே ஒரு தரம். ஐந்து நாள் மாத்திரையை ஒழுங்காக எடுக்க மாட்டார் என்று தெரிந்தவருக்கும், பயணத்தில் இருப்பவருக்கும், ஏற்கெனவே பத்து மாத்திரை விழுங்கும் முதியவருக்கும் இதைவிட வசதியானது கிடையாது. இ.எஸ்.பி.எல். என்று கல்ச்சரில் வரும் பிடிவாதமான இ.கோலையும் பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படும்.

எடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்கி உடனே குடித்துவிட்டுப் படுக்க வேண்டும். வெந்நீரில் கலக்கக் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் உறிஞ்சுவது குறையும். படுக்கும் முன் எடுப்பதற்குக் காரணம், இரவு முழுவதும் மருந்து நீர்ப்பையில் தங்கி நிற்கும் என்பது. உடனே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, ராத்திரி நாலு தரம் எழுந்து போனால் அந்தப் பலன் வீணாகும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு குடலை வேகப்படுத்தி இந்த மருந்தின் அளவைக் குறைத்துவிடும்.

மறுநாளே எரிச்சல் முழுக்கப் போகவில்லை என்று இன்னொரு பொட்டலம் வாங்கிக் குடிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் வரை சிறுநீரில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். தொந்தரவும் அந்த அளவு நேரத்தில்தான் அடங்கும். சிலருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு வரும்.

அப்படியானால் இதையே முதல் தேர்வாக வைத்துக்கொள்ளலாமே? 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. சுவிட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேல் நாடுகளைச் சேர்ந்த 513 பெண்கள். ஒரு பாதிக்கு நைட்ரோஃபுரான்டோயின் 100 மி.கி. நாளுக்கு மூன்று வேளை 5 நாள், மறு பாதிக்கு ஒரு வேளை ஃபாஸ்ஃபோமைசின். 28-ஆம் நாளில் முழுக்கக் குணமாகியிருந்தவர்கள் முதல் குழுவில் 70 சதவீதம், இரண்டாவதில் 58 சதவீதம். அங்கே கொடுத்தது மூன்று வேளை. நாம் பழகியிருப்பது இரண்டு வேளை. ஆகவே அந்த 12 சதவீத இடைவெளியை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் திசை தெளிவு. ஒரு வேளையின் வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. ரூபாயிலும் இருக்கிறது: ஒரு பொட்டலம் சில நூறு ரூபாய் வரும். இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பெரிதாகப் படுவது வேறு காரணம். பிடிவாதமான பாக்டீரியாவுக்கு வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சியிருக்கும் சில மருந்துகளில் இது ஒன்று. சாதாரணத் தொற்றுகளுக்கெல்லாம் இதையே செலவழித்தால் அந்த வழியும் அடைபடும்.

சிப்ரோவும் அதன் குடும்பமும்

சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின். ஒரு காலத்தில் இவை யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு அற்புத மருந்துகள்: நார்ஃப்ளாக்சசின் தவிர மற்றவை சிறுநீரகத் திசு, புராஸ்டேட் (ஆண்களுக்கு நீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) என்று எல்லா இடத்துக்கும் போகும், வாய்வழி எடுத்தாலே ஊசிக்கு நிகரான அளவு ரத்தத்தில் சேரும், மூன்று நாளில் வேலை முடியும். சளி, பேதி, காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகளாக வாரி வழங்கியதன் விளைவு இன்று கண்ணுக்குத் தெரிகிறது. ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் உள்ள ஆஸ்பத்திரிகளில், சிறுநீரில் வளரும் இ.கோலையில் பாதிக்கும் மேல் இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அவை பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு. தெருமுனை கிளினிக்குக்கு வரும் முதல் தொற்றில் நிலை கொஞ்சம் தேவலையாக இருக்கலாம். ஆனால் ஒரு வட்டாரத்தில் ஐந்தில் ஒரு பாக்டீரியா கட்டுப்படாமல் போனாலே கல்ச்சர் இல்லாமல் அந்த மருந்தைத் தொடங்கக் கூடாது என்பதுதான் கோட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு வகுத்த எல்லை. அந்த எல்லையை வைத்துப் பார்த்தாலும் சிப்ரோ தேறாது.

பக்கவிளைவுகள் இன்னொரு காரணம். 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்ப்பைத் தொற்றுக்கு இந்தக் குடும்பத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. குதிகால் தசைநார் வீங்குவது, அறுந்துபோவது, கைகால் நரம்பில் எரிச்சல், மனக்குழப்பம். 2018-இல் மேலும் இரண்டு எச்சரிக்கைகள் சேர்ந்தன: ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்வது, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மகாதமனி கிழிவது. சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடும் வயதானவர்களிடம் சர்க்கரை தாழ்வது உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோயாளிகள் இவ்வளவு பேர் இருக்கும் நம் ஊரில் இதைக் கேட்காமல் சிப்ரோ கொடுப்பது பெரும் தவறு.

கல்ச்சரில் கட்டுப்படும் என்று வந்து, மருத்துவர் காரணத்தோடு எழுதினால் எடுக்கலாம். பால், தயிர், கால்சியம், இரும்பு, துத்தநாக மாத்திரை, ஆன்டாசிட் எதையும் சேர்த்து எடுக்கக் கூடாது. அவற்றில் உள்ள உலோக அயனிகள் சிப்ரோவைக் குடலிலேயே கட்டிப் போட்டுவிடும். மாத்திரைகளுக்கும் ஆன்டாசிட்டுக்கும் இடைவெளி: சிப்ரோவுக்குப் பிறகு 2 மணி நேரம், அல்லது அவற்றுக்குப் பிறகு 6 மணி நேரம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் "சிப்ரோ கேட்கவில்லை" என்று ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே சொன்ன சிட்ரேட் சிரப்பும் இதற்கு ஆகாது. காரச் சிறுநீரில் சிப்ரோ படிகமாகப் படியலாம்.

செஃபிக்சைம், அமாக்சிசிலின்-கிளாவுலனிக்

"பவர்ஃபுல்" என்று நினைத்துக் கேட்டு வாங்கும் மருந்துகள். செஃபிக்சைம் வாய்வழியாக எடுத்ததில் பாதிக்கும் குறைவாகவோ பாதி அளவோதான் உறிஞ்சப்படுகிறது. மீதி குடலில் தங்கி அங்குள்ள பாக்டீரியாக்களை எதிர்ப்புச் சக்தி பெறப் பழக்குகிறது. இ.எஸ்.பி.எல். இருந்தால் வேலை செய்யாது. என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா மேல் இதற்குப் பிடியே கிடையாது. இந்திய மருந்துச் சட்டத்தில் 2014 முதல் அமலில் உள்ள ஹெச்1 அட்டவணையில் இது இருக்கிறது. விற்றால் மருந்துக் கடைக்காரர் எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சீட்டில்லாமல் கொடுக்கும் கடைக்காரர் சட்டத்தையும் மீறுகிறார். செஃபிக்சைமையும் ஆஃப்ளாக்சசினையும் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள். நீர்ப்பைத் தொற்றுக்கு அப்படியொரு கூட்டுக்கு எந்தத் தேவையும் இல்லை.

அமாக்சிசிலின்-கிளாவுலனிக் 625 மி.கி., கல்ச்சர் பொருந்தினால் 5 முதல் 7 நாள். 2005-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் மூன்று நாள் கொடுத்தபோது இதில் குணமானவர்கள் 58 சதவீதம், சிப்ரோவில் 77. மருந்துக்குக் கட்டுப்படும் பாக்டீரியா இருந்தவர்களிடமும் இதேபோல் பின்தங்கியது. கிளாவுலனிக் பகுதியால் வயிற்றுப்போக்கு வரும்; சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுத்தால் குறையும். ஈரம் பட்டால் கெடும் மருந்து. அட்டையிலிருந்து பிரித்து, வாரத்துக்கான மாத்திரை டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

கோட்ரைமாக்சசோல், ஃபாரோபெனம்

கோட்ரைமாக்சசோல் விலை குறைந்த, நல்ல மருந்து: 160/800 மி.கி. மாத்திரை, நாளுக்கு இரண்டு, 3 நாள். இந்தியாவில் எதிர்ப்பு மிகுந்துவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டு தொடங்க முடியாது. கல்ச்சரில் கட்டுப்படும் என்று வந்தால் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடாது. உடம்பில் தடிப்பு, வாயில் புண், கண் சிவத்தல் வந்தால் அந்த வேளையே நிறுத்த வேண்டும். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகள் சாப்பிடும் முதியவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும்.

ஃபாரோபெனம், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கடைசிக் கட்டமாகக் கொடுக்கும் கார்பபெனம் ஊசிகளுக்கு உறவுக்கார மருந்து. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளைப் பிரித்திருக்கும் மூன்று அடுக்கில் இது கடைசி அடுக்கு, ஒதுக்கி வைக்க வேண்டியது. நைட்ரோஃபுரான்டோயின் முதல் அடுக்கு. சிப்ரோவும் செஃபிக்சைமும் நடுவே, கவனித்துப் பயன்படுத்த வேண்டிய அடுக்கு. முதல் தடவை வந்த நீர்ப்பைத் தொற்றுக்கு யாராவது ஃபாரோபெனம் எழுதினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆன்டிபயாடிக் இல்லாமலே பார்க்கலாமா?

ஜெர்மனியில் 494 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு ஃபாஸ்ஃபோமைசின். மறு குழுவுக்கு ஐபுபுரோஃபென் 400 மி.கி. நாளுக்கு மூன்று, 3 நாள். ஐபுபுரோஃபென் குழுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் வலி கூடுதல் நாள் நீடித்தது. சிறுநீரகம் வரை தொற்று போனவர்கள் அந்தக் குழுவில் 5 பேர், மற்றதில் ஒருவர். தொந்தரவு லேசாக இருந்து, காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க முடியும் என்றால் ஒன்றிரண்டு நாள் காத்திருப்பது நியாயமான வழியே. சர்க்கரை நோய், கர்ப்பம், சிறுநீரகக் கல் இருந்தால் அந்த வழி கிடையாது.

கல்ச்சர் எடுப்பதும் படிப்பதும்

முதல் தடவை வரும் சாதாரணத் தொற்றுக்குக் கல்ச்சர் கட்டாயமில்லை. மூன்று மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர், ஆஸ்பத்திரியில் படுத்து வந்தவர், திரும்பத் திரும்ப வருபவர், ஆண், கர்ப்பிணி, காய்ச்சல் உள்ளவர் என்றால் கட்டாயம். முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போனாலே தட்டில் எதுவும் வளராமல் போகலாம். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும், லேப் கொடுத்த மூடி போட்ட டப்பாவில் பிடிக்கவும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாதென்றால் ஃபிரிட்ஜில் வைக்கவும், ஃப்ரீசரில் அல்ல. வெயிலில் பையில் கிடந்த சிறுநீரில் வழியிலேயே பாக்டீரியா பெருகி, இல்லாத தொற்றைக் காட்டும். ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும். காய்ச்சல் இல்லாத, கர்ப்பமாக இல்லாத பெண் என்றால், மருத்துவர் சொன்னால் அதற்குள் நைட்ரோஃபுரான்டோயினைத் தொடங்கிவிடலாம்.

ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே கட்டுப்படும், கட்டுப்படாது என்பதற்கான எழுத்துகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் எம்.ஐ.சி. (பாக்டீரியா வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு) என்ற எண்ணும் இருந்தால் எது குறைவோ அது சிறந்த மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. கட்டுப்படும் என்று வந்த மருந்துகளில் நீர்ப்பைக்கு மட்டும் போதுமானதையும், குடல் பாக்டீரியாவைக் குறைவாகக் கலைப்பதையும் எடுப்பதே சரி. காய்ச்சல் இருப்பவருக்கு நைட்ரோஃபுரான்டோயினுக்கு எதிரே கட்டுப்படும் என்று இருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

கணக்கு மாறும் இடங்கள்

கர்ப்பிணிகளுக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்தால் வைத்தியம் வேண்டும். விட்டால் சிறுநீரகத் தொற்றாகவும் குறைப்பிரசவமாகவும் மாறலாம். செஃபலெக்சின், அமாக்சிசிலின், ஃபாஸ்ஃபோமைசின் ஆகியவற்றில் கல்ச்சருக்குப் பொருந்துவதை எடுக்கலாம். நைட்ரோஃபுரான்டோயினை முதல் மூன்று மாதத்தில் வேறு வழி இல்லாதபோது மட்டுமே கொடுப்பார்கள். பிரசவம் நெருங்கும் கடைசி வாரங்களில் கூடாது, குழந்தையின் ரத்த அணுக்கள் உடையக்கூடும். கோட்ரைமாக்சசோல் ஃபோலிக் அமிலத்தைத் தடுப்பதால் முதல் மூன்று மாதமும், குழந்தைக்கு மஞ்சள் காமாலை ஏறக்கூடும் என்பதால் பிரசவ வாரங்களிலும் தவிர்க்க வேண்டும். சிப்ரோ குடும்பம் கர்ப்பத்தில் வேண்டாம்.

ஆண்களுக்கு இதே தொந்தரவு வந்தால் புராஸ்டேட்டும் பாதிக்கப்பட்டிருக்கலாம். நைட்ரோஃபுரான்டோயினும் செஃபிக்சைமும் அங்கே சரியாகப் போய்ச் சேருவதில்லை. சிப்ரோவுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் உண்மையான இடம் இருப்பது இங்கே: கல்ச்சர் பார்த்து, காய்ச்சல் இல்லையென்றால் 7 நாள்.

காய்ச்சலும் முதுகுவலியும் வந்துவிட்டால் நம் ஊர் பாக்டீரியா நிலவரத்தில் வாய்வழி மருந்தை நம்பித் தொடங்குவது ஆபத்து. பெரும்பாலும் ஊசியில் தொடங்கி, காய்ச்சல் இறங்கியதும் கல்ச்சர்படி வாய்வழிக்கு மாற்றுவார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகத்தில் வாயு உண்டாகும் கொடிய வகைத் தொற்றும் வரலாம். அவர்கள் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்கக் கூடாது.

தொடங்கிய பிறகு

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடவும், இரண்டாகச் சேர்த்து எடுக்க வேண்டாம். எழுதிய நாள்களை முடிக்கவும். "இன்னும் ரெண்டு நாள் கூட எடுத்தால் நல்லது" என்று நீட்டிப்பதும் தவறுதான், கூடுதல் நாளில் கிடைப்பது பக்கவிளைவு மட்டும். 48 மணி நேரத்தில் குறையத் தொடங்கவில்லை என்றால் மாத்திரையைத் தானாக மாற்றாமல் கல்ச்சர் கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ முடித்த சில வாரங்களிலோ நாளுக்கு மூன்று தரத்துக்கு மேல் தண்ணீராகப் பேதி, வயிற்று வலி, காய்ச்சல் வந்தால் லோபெரமைடு போட்டு அடக்காதீர்கள். க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்றாக இருக்கலாம்.

அடிக்கடி வருபவர்களுக்குத் தண்ணீரே முதல் மருந்து. குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவையும், வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்தது. வேலையிடத்தில் சுத்தமான கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கும் பள்ளி மாணவிகளுக்கும் இதைச் சொன்னால் மட்டும் போதாது, கழிப்பறையும் வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு, மருத்துவர் எழுதும் ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பிறப்புறுப்பில் தடவினால் தொற்று வருவது குறையும்.

தொந்தரவு முற்றிலும் போய்விட்டால் "சரியாகிவிட்டதா என்று பார்க்க" மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் மட்டும் மருந்து முடிந்து ஒன்று இரண்டு வாரத்தில் மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.